பாட்டு முடிந்தால் கூற்றுவன் எழுந்திருப்பான்

தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் தாலி கட்டிக்கொண்டு, இரண்டு காதில் ஒன்றைத் தறிக்குக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டு உரக்கப் பேசி வாழ்கிற எங்கள் நூலாம்பாளையத்தில், பாட்டு என்று ஒன்றைத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் மாராயி டாக்கீஸுக்குத்தான் போக வேண்டும், அந்த மாராயி டாக்கீஸிலோ யாரும் சாவதில்லை.

அதன் முதலாளி நஞ்சப்பன், அழுதுகொண்டு வெளியே போகிற பெண்கள் அடுத்த படத்துக்கு வருவதில்லை, பெண்கள் வராவிட்டால் பிள்ளைகள் வருவதில்லை, பிள்ளைகள் வராவிட்டால் ஆம்பிளைகள் மட்டும் வந்து சுவரெல்லாம் வெற்றிலை துப்பி வைப்பார்கள் என்பதைத் தொழிலுக்கு வந்த புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதனால் வியாழக்கிழமை படப்பெட்டி வந்து இறங்கியதும் அவரும் ஆபரேட்டர் சபாபதியும் காலிக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, சாவு வருகிற இடத்தில் கத்தரி போட்டு, அங்கே படத்தை முடித்து வைக்கிற 'வணக்கம்' துண்டை ஒட்டிவிடுவார்கள். ஆற்றில் விழ வேண்டியவள் எங்கள் ஊரில் கரையோடு நின்றாள், போருக்குப் போனவன் குதிரை ஏறியதோடு சரி, வெளியூரில் வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் மட்டும், "உங்கூர்ல இவ பொழைச்சுட்டாளா? எங்கூர்ல செத்தே போனாளே!" என்று வாயைப் பிளக்க, "எங்கூர்த் தண்ணி அப்படி" என்று மாமியார்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பழைய கதைகளைப் பாட்டும் ஆட்டமுமாக, குடும்பம் முழுக்கப் பார்க்கிற மாதிரி எடுத்த படங்கள் என்றால் நஞ்சப்பனுக்கு உயிர். அப்படி ஒரு தடவை வந்து சேர்ந்ததுதான் 'குழல்மொழி கல்யாணம்'.

குழல்மொழி கதை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. கல்யாணப் பந்தலில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போது, அழைக்காத விருந்தாளியாகக் கூற்றுவன் வந்து நிற்கிறான். உன்னைக் கூட்டிப் போக வந்தேன் என்கிறான். கல்யாணப் பாட்டைப் பாதியில் விடக் கூடாது, முடித்துவிட்டு வருகிறேன், அதுவரை உட்காருங்கள் என்கிறாள் அவள். அவனும் சரியென்று உட்காருகிறான். பாட்டு முடிகிறவரை பந்தலில் யாரும் சாப்பிடக் கூடாது, யாரும் எழுந்து போகக் கூடாது. அவள் பாடிக்கொண்டே இருக்கிறாள், சோறு ஆறிப் போகிறது, விளக்கில் எண்ணெய் வற்றுகிறது, குழந்தைகள் பசியில் அழுகின்றன. கடைசியில் தன்னைச் சுற்றிச் சோர்ந்து கிடக்கிற முகங்களைப் பார்த்துவிட்டு, அவளே பாட்டை முடித்துக் கை கூப்புகிறாள். அவ்வளவுதான் கதை. படம் எடுத்தவர்கள் அதில் நிறையப் பாட்டுகளும், ஒரு மயிலும், கூற்றுவனாகத் தொந்தியும் ஒட்டுமீசையும் வைத்த ஒரு சிரிப்பு நடிகரையும் சேர்த்திருந்தார்கள், முடிவை மட்டும் மாற்றவில்லை.

"கை கூப்பறதுக்கு முன்னாடி வெட்டு" என்றார் நஞ்சப்பன்.

"பாட்டு நடுவுல அறுந்தாப்பல இருக்குமுங்க மொதலாளி."

"இருந்துட்டுப் போகுது. செத்தாப்பல இருக்கறதுக்கு அறுந்தாப்பல இருக்கறது தேவல."

வெட்டிய துண்டைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை படம் வெளியானது. மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, குழல்மொழி பாட, 'வணக்கம்' வந்தது, விளக்கு எரிந்தது, எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினிக்கு 'வணக்கம்' வரவில்லை. அந்த இடத்துக்கு வந்த குழல்மொழி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அடுத்த சரணத்துக்குப் போனாள். சபாபதி தான்தான் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு ரீல் கூடுதலாக இருந்தது, அது அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் தட்டு மாதிரி சூடாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. கோயமுத்தூரிலிருந்து வினியோகஸ்தர் வந்து பார்த்தார், கொடுத்ததைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தால் தனக்கு நட்டம் ஒன்றும் இல்லை என்றும், ஆனால் இத்தனையும் தன் காரில் ஏறாது என்றும், பாடி முடித்தபின் சொல்லி அனுப்பும்படியும் சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் சிக்கிக்கொண்டவள் தெய்வானை.

தெய்வானை மாராயி டாக்கீஸின் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். எந்தப் பிள்ளைக்கு அரை டிக்கெட், எந்தப் பிள்ளை குனிந்து நடந்து அரை டிக்கெட் ஆகப் பார்க்கிறது, எவள் புருஷனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், எதையும் வெளியே சொல்ல மாட்டாள். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது: ஓடுகிற படத்தை விட்டுவிட்டு ஆள் வேலையிலிருந்து நிற்கக் கூடாது, நின்றால் படம் படுத்துவிடும். கல்யாணமானாலும் ஆபரேசனானாலும் படம் மாறுகிற வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்துதான் போக வேண்டும். தெய்வானை அந்த வழக்கத்தை ஒரு தடவை காப்பாற்றியிருந்தாள். ஓசூரில் இருக்கிற அவள் மகள் பூங்கோதைக்குத் தலைப்பிரசவம் நெருங்கியபோது இங்கே ஒரு படம் பிய்த்துக்கொண்டு ஓடியது, படம் மாறியதும் பஸ் ஏறிப் போய் இறங்கினாள், அதற்குள் குழந்தை பிறந்து, போயும் விட்டிருந்தது. பூங்கோதை அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத அந்த வார்த்தை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே அன்றிலிருந்து உட்கார்ந்திருந்தது.

இப்போது பூங்கோதை மறுபடி மாசமாக இருந்தாள். குழல்மொழி பெட்டி வந்து இறங்கிய அன்றே தெய்வானை நஞ்சப்பனிடம் சொல்லி வைத்தாள்.

"இந்தப் படம் மாறுற அன்னிக்கு நான் கெளம்பிருவேனுங்க மொதலாளி. பேறுகாலம் முடிஞ்சு, புள்ளைக்கு ஒரு வயசு ஆகறவரைக்கும் அங்கதான் இருப்பேன்."

"தாராளமாப் போயிட்டு வா தெய்வானை. இது என்ன, மிஞ்சிப் போனா ரெண்டு வாரம் ஓடும்."

படமோ ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் ஊருக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரே டிக்கெட்டில் நாள் பூராவும் பாட்டு. பெண்கள் வெண்டைக்காயையும் அரிவாள்மனையையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், நூல் தார் சுற்றுகிறவர்கள் ராட்டையோடு வந்து தரையில் இடம் பிடித்தார்கள், பிள்ளைகள் திரை வெளிச்சத்தில் கணக்குப் போட்டார்கள், மத்தியானம் ஆம்பிளைகள் தூக்குப் போசியில் சோறு எடுத்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வந்து தெய்வானையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள், ஊரில் அப்படி ஒன்று அதற்குமுன் நடந்ததே இல்லை. தறி ஷிப்ட் மாறுவதற்குச் சங்கு ஊதுவதை விட்டுவிட்டு, குழல்மொழி தண்ணீர் குடிக்கிற நேரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், அந்த இடைவெளியை நாகசுரக்காரர் கன்னம் புடைக்க ஊதி நிரப்புவார், பாட்டு அறுந்துவிடக் கூடாது அல்லவா, அறுந்தால் கூற்றுவன் எழுந்துவிடுவான்.

இரண்டு வீட்டார் அங்கேயே உட்கார்ந்து சம்பந்தம் பேசி முடித்தார்கள். ஒரு குழந்தை அங்கேதான் முதல் அடி எடுத்து வைத்தது.

அப்புறம் குழல்மொழிக்குக் கதையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. நிலவைப் பாடி முடித்தாள், மயிலைப் பாடி முடித்தாள், தோழிகளை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிப் பாடினாள், அரண்மனையில் எத்தனை தூண், எத்தனை தூணில் எத்தனை யாளி என்று பாடினாள். பாட ஒன்றும் இல்லாமல் ஒருநாள் தலையைத் தூக்கி நேரே பார்த்தாள். எதிரே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பாட ஆரம்பித்தாள்.

மூன்றாம் வரிசையில் வெண்டைக்காய் அரிகிறவளின் விரல் வேகத்தைப் பாடினாள், ஓடாத மின்விசிறியைப் பாடினாள், நூல் விலை ஏறியதைப் பாடினாள், மாமியாருக்குத் தெரியாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்துத் தின்கிற கடலை மிட்டாயை, தின்கிறவள் பெயரைச் சொல்லாமல் பாடினாள். குடும்பப் படம் என்பதால் அவள் வாயில் ஒரு தப்பான வார்த்தை வரவில்லை. அப்போதுதான் கூட்டம் சொல்லி மாளாமல் வந்தது. மகன் பத்தாவது பாஸான வீட்டார் மார்க் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். கண்ணாலம் கூடாத பெண்களைப் பெற்றவர்கள் அவர்களைச் சீவிச் சிங்காரித்து வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். "எங்களப் பத்தி இன்னும் ஒரு வரிகூட வல்ல, காசு குடுத்துத்தான உக்காந்திருக்கறோம்?" என்று ஒருத்தி தெய்வானையிடம் சண்டைக்கு வந்தாள்.

"வரி வேணும்னா ஏதாச்சும் செஞ்சுட்டு உக்காரு ஆத்தா" என்றாள் தெய்வானை. "கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருந்தா அவ எதப் பாடுவா?"

ஆனால் கொட்டாவி எல்லாருக்கும் வர ஆரம்பித்திருந்தது. முதலில் திரையில்தான் தொடங்கியது. பந்தலில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள், பிறகு ஜமுக்காளத்தில் கால் நீட்டிப் படுத்தார்கள். வாழை இலைகள் பழுத்து ஓரம் சுருண்டன. தாலியைத் தூக்கிப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் கை நடுங்கியது, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டான், பிறகு தோழன் ஒருவன் வந்து அவன் கைக்கு அடியில் ஒரு கவைக்கோலை முட்டுக் கொடுத்தான். கூற்றுவன் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனான், அவன் ஒட்டுமீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்கி மூச்சுக்கு மூச்சு ஆடியது, பிள்ளைகள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு, "பாவம்மா, அவரு வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டார்கள். குழல்மொழியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. தலையில் வைத்த பூ வாடி உதிர்ந்து நார் மட்டும் இருந்தது. குரல் மட்டும் தேன் மாதிரியே இருந்தது. அது அவள் குரல் இல்லை, வேறு யாரோ பாடியது என்பதால் அதற்குக் களைப்பு தெரியவில்லை, அந்தக் குரலுக்கு வாயை அசைத்து அசைத்து அவள் முகம்தான் தேய்ந்துகொண்டு வந்தது.

மிஷினை நிறுத்திப் பார்த்தார்கள். வெளிச்சம் போனது, குரல் போகவில்லை. இருட்டுத் திரையிலிருந்து, தனியாக வேலை செய்கிற பெண் தனக்குள் பாடிக்கொள்வதுபோல, மெல்ல வந்துகொண்டே இருந்தது. ஒரு பொம்பளையை இருட்டில் தனியாகப் பாடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன யாருக்கும் மனசு வரவில்லை. சபாபதி மறுபடி விளக்கைப் போட்டார்.

ஆகவே ஊர் கூடி முறை வைத்தது. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பேசினார்கள். கொட்டகை காலியாகக் கூடாது, காலியானால் அவளுக்குப் பாட எதிரே ஆள் இருக்காது, பாட்டு நின்றுவிடும், நின்றால் எமன் எழுந்துவிடுவான், நம் ஊரில் அப்படி ஒன்று நடந்தது என்று வெளியூரில் பேசக் கூடாது. வீதிக்கு ஒரு நாள், வீட்டுக்கு ஒருவர். தேருக்கு வடம் பிடிக்கிற முறை போல, ஏரிக்குத் தூர் எடுக்கிற முறை போல, குழல்மொழியைப் பார்க்கிற முறை. வராத வீட்டைப் பற்றிப் பேசினார்கள். வந்த வீட்டார் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி தூங்கப் பழகினார்கள். அவள் எங்களைப் பாடினாள், தூங்குகிறவர்களைப் பாடினாள், தூங்குகிறவர்களின் வாயோரம் வழிவதைப் பாடினாள், யாரும் கேட்கவில்லை. பிடித்தது என்று சொல்ல ஒருவர் இல்லை, போதும் என்று சொல்லவும் ஒருவர் இல்லை. நாள்தோறும் பாட்டு கேட்கிற ஊரில் யாரும் வேலை செய்யும்போது ஒரு வரிகூட முணுமுணுப்பதில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

முறை எல்லாருக்கும் ஒருநாள் வந்து போனது. தெய்வானைக்கு எல்லா நாளும் முறை.

"படம் மாறுற அன்னிக்குன்னுதான சொன்னேனுங்க" என்று அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் நிற்பாள்.

நஞ்சப்பனும் இளைத்துப் போயிருந்தார். "நான் என்ன செய்யட்டும் தெய்வானை? வெட்டுன துண்டு இருந்தாலாச்சும் ஒட்டி முடிச்சுரலாம், அதையும் பாத்திரக்காரனுக்குப் போட்டாச்சு. இருந்தாலுந்தான் இந்தப் பொம்பளைங்க உடுவாங்களா? அவ செத்தா என்ற கொட்டாயக் கொளுத்திப் போடுவாங்க. நீ வழக்கந் தெரிஞ்சவ. நீயே ஓடற படத்த உட்டுட்டுப் போனா, அதுக்கப்புறம் முறைக்கு யாரு வருவா?"

ஊர்ப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள். "நீங்க வாசல்ல நிக்கறீங்கன்னுதான் நாங்க வர்றோம் தெய்வானக்கா. நீங்க போயிட்டா எங்களுக்கென்ன, நாங்களும் போயிருவோம்." மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதை அவளை அங்கேயே ஆணி அடித்து நிறுத்தியது.

மருந்துக்கடையில் போன் வரும். மாசம் ஏழானது, எட்டானது, ஒன்பதானது. போனில் பூங்கோதை அம்மாவை வா என்று சொல்லவே இல்லை. அங்கே மழை பெய்வதைப் பற்றிச் சொல்வாள், தக்காளி விலையைச் சொல்வாள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொல்வாள், "செரிம்மா, வெக்கறேன்" என்பாள். கடைசி தடவை நாய்க்குட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, "அதுக்கு அதனோட அம்மா கூடவே இருக்குதும்மா" என்றாள். அதைச் சொன்னதும் அவளே வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் வந்த ஒரு காலையில், கிழக்குத் தெருவார் முறையன்று, மருந்துக்கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பூங்கோதைக்கு வலி எடுத்துவிட்டதாம். சொன்ன நாளுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டதாம். மருமகன் ரங்கதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாராம்.

தெய்வானை கையில் இருந்த டிக்கெட்டைக் கிழித்து, பாதியை நின்றவளிடம் கொடுத்து, மீதியைப் பெட்டியில் போட்டாள். பிறகு சேலையை உதறிச் செருகினாள்.

"இன்னிக்கு ஒருநாள் இருந்து பாக்கலாமே தெய்வானக்கா" என்றாள் டிக்கெட் வாங்கியவள். "ஒருவேளை இன்னிக்கு முடிஞ்சுருச்சுன்னா?"

"முடிஞ்சா நீ பாத்துச் சொல்லு."

"அப்ப அவ கதி?"

தெய்வானை வெளியே போகாமல் உள்ளே வந்தாள். அத்தனை நாள் வாசலில் நின்றவள் அந்தப் படத்தின் முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை. தார் சுற்றுகிறவர்களின் ராட்டைகளைத் தாண்டி, நீட்டிய கால்களைத் தாண்டி, தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டி, திரைக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து பார்த்தாள். குழல்மொழியின் பாதம் அவள் தலை உயரத்தில் இருந்தது. வீங்கியிருந்தது.

கல்யாண வீட்டிலிருந்து பாதியில் புறப்படுகிறவள் மணப்பெண்ணிடம் சொல்லிக்கொள்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"அம்மிணி, நான் போயிட்டு வர்றேன். என்ற பொண்ணுக்கு வலி கண்டுருச்சு. முன்ன ஒருக்கா போகாம இருந்துட்டேன், இப்ப இருக்க முடியாது. நான் போறதால உனக்கு ஏதாச்சும் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆகுமோ ஆகாதோ எனக்குத் தெரியாது. சொல்லாமப் போகக் கூடாதுன்னு வந்தேன். நல்லாப் பாடுன."

அதைக் கேட்டதும் எங்களுக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் அதுவரை யாருமே விடைபெற்றதில்லை. எழுந்து போகிறவர்கள் எல்லாம் அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து, குனிந்து, சுவரோரமாகத்தான் போயிருந்தோம்.

குழல்மொழி ஒரு வரியின் நடுவில் இருந்தாள். அந்த வரியை அப்படியே விட்டாள்.

நாகசுரக்காரர் பதறிப்போய் வாயில் வைத்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு பேசினாள். பாட்டுக்காரியின் தேன் குரல் இல்லை அது. படத்தில் அதுவரை கேட்காத, கொஞ்சம் கரகரத்த, சாதாரணப் பெண்பிள்ளையின் குரல்.

"போயிட்டு வாங்கக்கா. வெறும் வயித்தோட பஸ் ஏறாதீங்க. எனக்கும் கால் வலிக்குது, கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

தெய்வானை தலையை ஆட்டினாள். திரும்பி, வந்த வழியே, யார் காலையும் மிதிக்காமல் நடந்து, வாசல் படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். வெயில் ஒரு நிமிடம் உள்ளே வந்து போனது.

அவள் பார்க்காததை நாங்கள் பார்த்தோம். குழல்மொழி மணமேடையை விட்டு இறங்கினாள். மாப்பிள்ளையின் கைக்கு முட்டுக் கொடுத்த கவைக்கோலை எடுத்து ஓரமாக வைத்தாள், அவன் கை மெல்லக் கீழே இறங்கியது, வலியில் முகத்தைச் சுளித்தான், சிரிக்கவும் செய்தான். அவள் கொலுசுச் சத்தம் கேட்க நடந்து போய், கூற்றுவன் தூங்கிக்கொண்டிருந்த ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கொட்டகையில் அரிவாள்மனைகள் நின்றன. ராட்டைகள் நின்றன. கூற்றுவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிரிந்து தொங்கிய மீசையை ஒட்டிக்கொண்டான். பிறகு தொந்தியை ஒதுக்கி, கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள், வீங்கிய பாதங்களை நீட்டினாள், அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள்.

அப்புறம் திரை வெள்ளையாக இருந்தது.

'வணக்கம்' வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை. நஞ்சப்பன் உள்ளே வந்து வெள்ளைத் திரையைப் பார்த்தபடி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அழவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் வெண்டைக்காய் அரிகிறவள்.

"அவ்வளவுதான் போலிருக்குதுங்க" என்றார் சபாபதி, மேலே இருந்த துளை வழியாக.

அவள் செத்தாளா தூங்கினாளா என்று அன்று வீதிக்கு வீதி சண்டை நடந்தது. செத்துத்தான் போனாள், இல்லாவிட்டால் ஏன் அவன் தோளில் சாய வேண்டும் என்றார்கள் மருமகள்கள். தூங்கினாள், மூச்சு வாங்கியது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்றார்கள் மாமியார்கள். எதுவாக இருந்தாலும் சரி, இனி அவளை எழுப்பாமல் இருந்தால் போதும் என்றார்கள் ஷிப்டு முடிந்து வந்த ஆம்பிளைகள். எந்தப் பக்கம் பேசினாலும் எல்லாரும் சீக்கிரம் பேசி முடித்துவிட்டுப் பாயை விரித்தோம்.

தெய்வானையைப் பற்றி ரங்கதுரை பிற்பாடு வந்தபோது சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். அவள் சேலத்தில் பஸ் மாறி, ஓசூரில் இறங்கி, ஆஸ்பத்திரியை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை. பிரசவ அறைக்கு முன்னால் இருந்த கட்டிலில் பூங்கோதை வலியில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மா வந்து நிற்பதைப் பார்த்தும் நம்பவில்லை, ரங்கதுரையைப் பார்த்து, "இது யாருங்க?" என்று கேட்டாளாம். பிறகு வலி வந்தது. கத்தினாள். ரங்கதுரைக்கு அர்த்தம் தெரியாத எதையெதையோ சொல்லி அம்மாவைத் திட்டினாள், முதல் குழந்தையின் பெயரைச் சொன்னாள், அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தது அவருக்கே அப்போதுதான் தெரியும். தெய்வானை பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கையைக் கொடுத்தாள். பூங்கோதை அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலி வருவதும் போவதுமாக நேரம் போனது.

ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் நடுவே பார்த்தால், உட்கார்ந்தபடியே, கட்டில் ஓரத்தில் தலை வைத்து, வாயைத் திறந்துகொண்டு, தெய்வானை தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"நல்ல துணை வந்தாங்க. எழுப்பட்டுமா?"

பூங்கோதை அந்த வலியிலும் சிரித்தாளாம். மணிக்கட்டை விடவில்லை.

"வேண்டாங்க சிஸ்டர், தூங்கட்டும். இங்கதான இருக்கறா."